சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்கு

சோமனூர்ப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் திண்ணை, பின்னால் எட்டுத் தறிகள் ஓடும் தறி குடோன். அப்பா கூலிக்கு நெசவு செய்கிறவர். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். இவர் துணியாக நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். மகள் கோவை சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

இரவு பதினொன்றரை மணி. மகள் இன்னும் லேப்டாப்பை மூடவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இன்னும் தூங்கலியா?"

"இல்லீங்ப்பா. ப்ரோக்ராம் நடுவுல நின்னு போயிருது. ஏன்னு தெரிய மாட்டேங்குதுங்க."

"நின்னு போயிருதுன்னா? ஒடஞ்சு போகுதா?"

"ஒடஞ்சாத்தான் தேவலையேங்ப்பா. எங்கே ஒடஞ்சுதுன்னு அதுவே காட்டிக் குடுத்துரும். இது சும்மா காத்துக்கிட்டே இருக்குது. யாரோ வந்து கூப்புடுவாங்கன்னு."

அப்பா சிரித்துவிட்டார். "போன வாரம் நானும் அப்படித்தான் சாமி, ராத்திரி பூரா காத்துக்கிட்டுக் கெடந்தேன்."

அப்பாவின் கதையும் மகளின் கதையும் ஒன்றேதான். அது புரிய, மகளின் ப்ரோக்ராம் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

கணினிக்குள் ஓடும் இழைகள்

அவள் எழுதுவது ஒரு ஆஸ்பத்திரிக்கான மென்பொருள். ரத்தப் பரிசோதனை முடிந்ததும் ரிப்போர்ட் கணினிக்குள் வந்து விழும். அதை எடுத்து டாக்டரின் திரைக்கு அனுப்ப வேண்டும். இதில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று, லேபிலிருந்து வரும் ரிப்போர்ட்டை வாங்கி வரிசையில் வைப்பது. இன்னொன்று, வரிசையிலிருந்து எடுத்து டாக்டருக்கு அனுப்புவது.

இப்படி ஒரே ப்ரோக்ராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகளை ஆங்கிலத்தில் 'திரெட்' என்கிறார்கள். தமிழில் 'இழை'. சோமனூர்க்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான சொல் வேறு கிடைக்காது. உங்கள் கைபேசியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு படம் டவுன்லோட் ஆகிறது, விரல் பட்டால் திரையும் நகர்கிறது. பல இழைகள் சேர்ந்து ஓடுவதால்தான் அது முடிகிறது.

இழைகள் தனித்தனியாக ஓடினாலும் ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டி வரும். வரிசையில் ரிப்போர்ட் இல்லையென்றால் அனுப்பும் இழை என்ன செய்யும்? இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, "வந்துவிட்டதா, வந்துவிட்டதா" என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருப்பது. வேலை எதுவும் நடக்காமலே கணினியின் சக்தி வீணாகும். கைபேசியில் ஏதோ ஒரு செயலி இப்படிச் செய்தால் மத்தியானத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும்.

இரண்டாவது வழி, தூங்கிவிடுவது. ரிப்போர்ட் வந்ததும் வாங்கும் இழை ஒரு குரல் கொடுக்கும். தூங்கும் இழை எழுந்துகொள்ளும். பல்லடம் பக்கம் ஓடும் ஆட்டோ லூம்களில் இதே ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு பாவு இழையிலும் ஒரு மெல்லிய உலோகத் தகடு தொங்கும். இழை அறுந்தால் தகடு கீழே விழும், மின்சுற்று இணையும், தறி நிற்கும், விளக்கு எரியும். ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு இழையையும் அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அறுந்த இழையே சொல்லிவிடும்.

ஜாவா என்ற கணினி மொழியில் தூங்கப் போவதற்கு 'வெயிட்' என்றும், குரல் கொடுப்பதற்கு 'நோட்டிஃபை' என்றும் பெயர். மகள் இந்த இரண்டையும்தான் பயன்படுத்தியிருந்தாள். பகலில் எல்லாம் சரியாகவே ஓடியது. நள்ளிரவு தாண்டினால் மட்டும், மாதத்தில் ஓரிரு முறை, ஒரு ரிப்போர்ட் வரிசையிலேயே கிடந்துவிடும். அடுத்த ரிப்போர்ட் வரும்போதுதான் இரண்டும் சேர்ந்து டாக்டரின் திரைக்குப் போகும். இரவில் அடுத்த ரிப்போர்ட் வர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை டாக்டர் "லேபில் இன்னும் முடிக்கவில்லை போல" என்று நினைத்துக்கொண்டிருப்பார். லேபில் "அப்போதே அனுப்பிவிட்டோமே" என்பார்கள். கட்டிலில் படுத்திருப்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

அப்பாவின் ராத்திரி

இப்போது அப்பாவின் கதை. ஊர்க்கோடியில் ஒரு சின்ன அறை. தறிக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தது. உற்பத்தியாளரின் வண்டி வந்து பாவு பீம்களை அங்கே இறக்கிவிட்டு, இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போகும்.

போன வாரம் நான்கு தறிகளில் பாவு தீர்ந்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு அப்பா அறைக்குப் போய்ப் பார்த்தார். காலி. "சரி, வீட்டுக்குப் போய்ப் படுப்போம், ஹாரன் கேட்டால் வருவோம்" என்று நடந்தார். வழியில் இரண்டு தறி குடோன்கள். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அந்த ஐந்து நிமிடத்துக்குள் வண்டி வந்தது, பீமை இறக்கியது, ஹாரன் அடித்தது, போய்விட்டது. அப்பா வீட்டுக்கு வந்து கயிற்றுக் கட்டிலில் படுத்தார், ஹாரன் கேட்கும் கேட்கும் என்று.

விடியற்காலை அடுத்த வண்டி ஹாரன் அடித்தபோதுதான் எழுந்து ஓடினார். போய்ப் பார்த்தால் இரண்டு பீம்கள். ஒன்று ராத்திரியே வந்தது. அவ்வளவு நேரமும் பாவு அங்கே கிடந்தது, தறி இங்கே நின்றது. ஒரு ராத்திரிக் கூலி போயிற்று.

"வண்டிக்காரனச் சொல்லிக் குத்தமில்ல. அவன் ஹாரன் அடிச்சுட்டான். நான் தூங்கிப் போனேன்னும் சொல்ல முடியாது. காதத் தீட்டிக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்" என்றார் அப்பா.

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நீங்க பாத்ததுக்கும் படுத்ததுக்கும் நடுவுல வண்டி வந்துருச்சுங்களா?"

"அதேதான்."

அவள் திரையைப் பார்த்தாள். அவளுடைய ப்ரோக்ராமிலும் அனுப்பும் இழை முதலில் வரிசையைப் பார்க்கிறது. காலி என்று தெரிந்ததும் தூங்கப் போகிறது. பார்ப்பதற்கும் தூங்குவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி, கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த இடைவெளியில் ரிப்போர்ட் வந்து, வாங்கும் இழை குரல் கொடுத்துவிட்டால்? அப்போது தூங்குகிறவர் யாரும் இல்லை. குரல் காற்றோடு போய்விடும். அதன்பிறகு அனுப்பும் இழை நிம்மதியாகத் தூங்கும். வரிசையில் ரிப்போர்ட் இருக்கும்.

இதைக் கணினிக்காரர்கள் 'தொலைந்துபோன எழுப்பல்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து அழைக்கிறார்கள். பகலில் இது தெரியாததற்கும் காரணம் இருக்கிறது. ரிப்போர்ட்கள் அடுத்தடுத்து வருவதால், ஒரு குரல் தொலைந்தாலும் அடுத்த குரல் எழுப்பிவிடும். ராத்திரியில்தான் அடுத்த குரல் வர நேரமாகும்.

கைகாட்டி மரமும் டோக்கனும்

கணினி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே இந்தச் சிக்கல் ரயிலுக்கு வந்துவிட்டது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்துவிடக் கூடாது. அதற்கு இரண்டு ஸ்டேஷன்களும் தந்தியில் பேசிக்கொண்டன. "நான் அனுப்பட்டுமா?" "அனுப்பு." பார்க்க நல்ல ஏற்பாடுதான்.

1874 செப்டம்பர் 10 இரவு, இங்கிலாந்தில் நார்விச் நகருக்குப் பக்கத்தில் தோர்ப் என்ற இடத்தில் அது பொய்த்துப்போனது. எதிர்ப்பக்கத்து ரயிலை அனுப்பச் சொல்லும் தந்தி, அதிகாரியின் கையெழுத்து வாங்குமுன்பே போய்விட்டது. கையெழுத்துப் போடவில்லையே, தந்தி போயிருக்காது என்ற நினைப்பில் இந்தப் பக்கத்து ரயிலும் கிளம்பியது. தவறு தெரிந்து ரத்துச் செய்யப் பார்த்தபோது, அந்தப் பக்கத்து ரயிலும் புறப்பட்டுவிட்டது. இரண்டும் நேருக்கு நேர் மோதியதில் 25 பேர் இறந்தார்கள்.

தந்தி ஒரு குரல்தான். பாதை காலியாக இருக்கிறதா என்பது வேறு விஷயம். இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்த இடைவெளியில்தான் அந்த விபத்து நடந்தது. அதற்குப் பிறகு எட்வர்ட் டயர் என்பவர் 1878-ல் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். இரண்டு ஸ்டேஷன்களிலும் இரண்டு பெட்டிகள், மின்கம்பியால் பிணைத்தவை. அவற்றிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு வில்லையைத்தான் வெளியே எடுக்க முடியும். அந்த வில்லை கையில் இருக்கிற டிரைவர் மட்டுமே பாதையில் நுழையலாம். மறுமுனையில் அதைத் திருப்பிப் பெட்டிக்குள் போட்டால்தான் அடுத்த வில்லை வெளியே வரும்.

இதன் வழியில் வந்த டோக்கன் கருவிகள் இந்தியாவிலும் ஊரெங்கும் இருந்தன. பிரம்பு வளையத்தில் கட்டிய தோல் பை, அதற்குள் உலோக உருண்டை. ஓடுகிற ரயிலிலிருந்து டிரைவர் பழைய வளையத்தை எறிவார், புதிய வளையத்தைக் கையால் கோத்து வாங்குவார். மீட்டர்கேஜ் காலத்து ஒற்றைப் பாதைகளில் பயணம் செய்த தாத்தா பாட்டிகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். தெற்கு ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பணிமனை இருப்பதும் கோவைக்குப் பக்கத்தில், போத்தனூரில்தான்.

1960-களில் நெதர்லாந்தைச் சேர்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா கணினிக்குள் ஓடும் பல வேலைகள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க ஒரு வழி கண்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'செமஃபோர்'. ரயில் பாதையோரம் கையை ஏற்றி இறக்கும் சிக்னலுக்கு ஆங்கிலப் பெயர் அதுதான். நம் ஊரில் அதைக் கைகாட்டி மரம் என்போம். 1965-ல் அவர் எழுதிய கட்டுரை இன்றைக்கும் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

கைகாட்டிக்கும் ஹாரனுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஹாரன் அடித்த நொடியில் கேட்காவிட்டால் போயிற்று. கைகாட்டி அப்படியே நிற்கும். தாமதமாக வந்தவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். டைக்ஸ்ட்ராவின் செமஃபோரும் அப்படித்தான். எத்தனை முறை குரல் கொடுத்தார்கள் என்பதை எண்ணாக நினைவில் வைத்திருக்கும். 'நோட்டிஃபை' எதையும் நினைவில் வைக்காது. அது ஹாரன்.

ஒரே சாவி

ஹாரனை வைத்துக்கொண்டே அப்பாவின் கஷ்டத்தைத் தீர்க்க முடியாதா? முடியும். 1970-களில் பிரிஞ்ச் ஹான்சன், டோனி ஹோர் ஆகியோர் வகுத்துக் கொடுத்த முறை இன்றும் ஜாவாவில் இருக்கிறது. அதைப் பாவு அறைக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

அறைக்கு ஒரே ஒரு சாவி. அது விடிய விடியத் திறந்திருக்கும் டீக்கடையில் இருக்கும். பாவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் அப்பா அந்தச் சாவியை வாங்க வேண்டும். பாவை உள்ளே வைக்க வேண்டுமானால் வண்டிக்காரரும் அதே சாவியை வாங்க வேண்டும்.

அப்பா சாவியை வாங்கிப் போய்ப் பார்க்கிறார். காலி. சாவி அவர் கையில் இருக்கும்வரை யாரும் உள்ளே எதையும் வைக்க முடியாது. ஆகவே "காலி" என்பது இன்னும் உண்மை. அவர் டீக்கடைக்கு வந்து, சாவியைக் கொடுத்துவிட்டு, அங்கேயே பெஞ்சில் படுக்கிறார். சாவி கைமாறுவதும் அவர் தலை சாய்ப்பதும் ஒரே நேரம், ஒரே இடம். இனி வண்டிக்காரர் வந்தாலும் சாவிக்காக அந்தக் கடைக்குத்தான் வர வேண்டும். பாவை இறக்கிவிட்டு, "அண்ணா, பாவு வந்துருச்சுங்க" என்று பெஞ்சைத் தட்டிவிட்டுத்தான் போவார். பார்த்ததற்கும் படுத்ததற்கும் நடுவே வண்டி நுழைய இடமே இல்லை.

'வெயிட்' செய்வது இதைத்தான். சாவியைக் கொடுப்பது, தூங்குவது இரண்டையும் ஒரே அடியில் முடிக்கும். சாவி கையில் இல்லாதவர் 'வெயிட்' என்றோ 'நோட்டிஃபை' என்றோ சொன்னால் ஜாவா ஒப்புக்கொள்ளாது, அங்கேயே பிழை என்று நிறுத்திவிடும். மகளுக்கு அந்தப் பிழை வரவில்லை. காரணம், தூங்கப் போகும்போது அவள் சாவியை வாங்கியிருந்தாள். வரிசையைப் பார்க்கும்போது மட்டும் வாங்கவில்லை. பார்ப்பது சாவிக்கு வெளியே, தூங்குவது சாவிக்கு உள்ளே. அந்த ஒரு வரி இடம் மாறியிருந்ததுதான் வினை.

எழுந்ததும் மறுபடி பார்

சாவி விஷயம் சரியானாலும் இன்னொரு பள்ளம் இருக்கிறது. பெஞ்சைத் தட்டினார்கள், அப்பா எழுந்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டு சாவியைக் கேட்டார். அதற்குள் பக்கத்துத் தெரு தறிக்காரர் அந்த வழியாக வந்து, சாவியை வாங்கி, வந்திருந்த ஒரே பீமையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தட்டியபோது பாவு இருந்தது உண்மை. இப்போது இல்லை.

"தட்டினார்களே, பாவு இருக்கத்தானே வேண்டும்" என்று நம்பி, பாவு பிணைக்கிறவரை வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? ஆள் கூலி நஷ்டம். ஆகவே எழுந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, சாவியை வாங்கி மறுபடி ஒரு முறை பார்ப்பது. இல்லையென்றால் மறுபடி சாவியைக் கொடுத்துவிட்டுப் படுப்பது.

ப்ரோக்ராமில் இது ஒரே ஒரு சொல்தான். 'இஃப்' என்று எழுதினால் "காலியாக இருந்தால் தூங்கு" என்று அர்த்தம். எழுந்ததும் பார்க்காமல் மேலே போய்விடும். 'வைல்' என்று எழுதினால் "காலியாக இருக்கும்வரை தூங்கு"; ஒவ்வொரு முறை எழும்போதும் பார்க்கும். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தில் இருந்த லாம்ப்சன், ரெடெல் இருவரும் 1980-ல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாக வைத்தார்கள். எழுப்புவது ஒரு குறிப்பு மட்டுமே. உண்மையை எழுந்தவர்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். யாரும் எழுப்பாமலே இழை விழித்துக்கொள்வதுகூட உண்டு என்று ஜாவாவின் கையேடே எச்சரிக்கிறது. நாய் குரைத்ததை ஹாரன் என்று நினைத்து எழுந்துகொள்வது போல.

மூன்றாவதாக ஒரு சங்கடம். பெஞ்சில் இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள். ஒருவருக்குப் பாவு வேண்டும், இன்னொருவருக்கு ஊடை நூல். பாவு வந்தது. வண்டிக்காரர் ஒருவரை மட்டும் தட்டிவிட்டுப் போகிறார். தட்டுப்பட்டவர் ஊடை நூல்காரர். எழுந்து பார்க்கிறார், தனக்கு ஒன்றும் இல்லை, மறுபடி படுத்துவிடுகிறார். பாவுக்காரர் தூங்கிக்கொண்டே இருக்கிறார். இப்படிப்பட்ட இடத்தில் 'நோட்டிஃபை' போதாது, 'நோட்டிஃபை ஆல்' வேண்டும், அதாவது எல்லோரையும் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாவுக்கு ஒரு பெஞ்சு, ஊடைக்கு ஒரு பெஞ்சு என்று பிரித்துவிட வேண்டும். 2004-ல் வந்த ஜாவா 5 அந்த வசதியையும் கொடுத்தது. அதோடு, இந்த விதிகளையெல்லாம் உள்ளே அடக்கிய தயார் வரிசை ஒன்றையும் தந்தது. புதிதாக எழுதுகிறவர்கள் அதை எடுத்துக்கொள்வதே நல்லது.

ஒரு சத்தமும் வராத மத்தியானம்

இதெல்லாம் ப்ரோக்ராம் எழுதுகிறவர்களின் தலைவலிதானே என்று தோன்றலாம். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவின் ஒரு பகுதியிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. ஒஹாயோ மாநிலத்தில் மரங்களின்மேல் பட்டு மின்கம்பிகள் ஒவ்வொன்றாகத் துண்டித்துக்கொண்டன. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. எச்சரிக்கை கொடுக்க வேண்டிய மென்பொருள் அன்று மத்தியானம் இரண்டேகால் மணி வாக்கில் நின்றுபோயிருந்தது. ஒரே தகவலை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் எழுதப்போய் மோதிக்கொண்டதே காரணம் என்று பிறகு பல வாரத் தேடலில் கண்டுபிடித்தார்கள்.

எச்சரிக்கை மணி நின்றுபோனதைச் சொல்ல இன்னொரு மணி இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அங்கிருந்தவர்கள், சத்தம் வரவில்லை, ஆகவே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்குப் பிறகு விளக்குகள் அணைந்தன.

எதிர்மாறான கதையும் உண்டு. 1997 ஜூலை 4-ல் செவ்வாய்க் கோளில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, சில நாட்களில் தானாக அணைந்து தானாகத் தொடங்க ஆரம்பித்தது. அவசரமான ஒரு வேலை சாவிக்காகக் காத்திருந்தது. சாவி வைத்திருந்ததோ வானிலைத் தகவல் சேகரிக்கும் அவசரமில்லாத வேலை. நடுத்தர அவசரமுள்ள இன்னொரு வேலை குறுக்கே புகுந்து, சாவிக்காரரை நகரவிடாமல் செய்தது. ஆனால் அந்தக் கணினியில் ஒரு காவல்காரன் இருந்தான். அவசர வேலை குறித்த நேரத்துக்குள் முடியவில்லையென்றால் எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி தொடங்கிவிடுவான். அதனால் கோளாறு வெளியே தெரிந்தது. பூமியில் அதே போன்ற ஒரு கணினியில் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தார்கள். சாவி வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் அவசரத்தையும் தற்காலிகமாகக் கொடுக்கும்படி இங்கிருந்தே ஒரு மாற்றத்தை அனுப்பிச் சரிசெய்தார்கள்.

ஒஹாயோவில் இல்லாதது, செவ்வாயில் இருந்தது இந்தக் கால வரம்புதான். "கூப்பிடும்வரை தூங்கு" என்பதற்குப் பதில் "கூப்பிடும்வரை தூங்கு, ஆனால் பத்து நிமிடம் ஆகியும் யாரும் கூப்பிடாவிட்டால் நீயே எழுந்து ஒரு முறை பார்." ஜாவாவின் 'வெயிட்'டிலும் இப்படி நேரம் கொடுக்க இடமுண்டு.

விடியுமுன்

மணி ஒன்றைத் தாண்டியது. மகள் ஒரு காரியம் செய்தாள். வரிசையைப் பார்ப்பதற்கும் தூங்குவதற்கும் நடுவில் வேண்டுமென்றே ஐந்து விநாடி இடைவெளி வைத்தாள். அப்பா அறையிலிருந்து வீட்டுக்கு நடந்த அந்த ஐந்து நிமிடம் போல. இடைவெளி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பொய் ரிப்போர்ட்டை அனுப்பினாள். மூன்று வாரமாகக் கைக்குச் சிக்காத கோளாறு முதல் தடவையிலேயே சிக்கியது. ரிப்போர்ட் வரிசையில் கிடந்தது, இழை தூங்கியது.

முன்பெல்லாம் அவள் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க, நடுநடுவே குறிப்பு எழுதும் வரிகளைச் சேர்த்துப் பார்ப்பாள். அப்போதெல்லாம் கோளாறு வரவே வராது. குறிப்பு எழுதும் நேரத்தில் இழைகளின் ஓட்டம் மாறிவிடுவதால், அந்தச் சின்ன இடைவெளியும் நகர்ந்து போய்விடும். தேடும்போது ஒளிந்துகொண்டு, தேடாதபோது வரும் ரகம். இடைவெளியை அகலமாக்கிப் பார்க்கலாம் என்று அவளுக்கு முன்பு தோன்றவில்லை.

பிறகு மாற்றியது கொஞ்சம்தான். பார்க்கும் வரியைச் சாவிக்குள் கொண்டுவந்தாள். 'இஃப்' என்பதை 'வைல்' ஆக்கினாள். 'நோட்டிஃபை'க்கு 'நோட்டிஃபை ஆல்' போட்டாள். தூக்கத்துக்குப் பத்து விநாடி வரம்பு வைத்தாள். ஐந்து விநாடி இடைவெளியை எடுக்காமலே மறுபடி ஓட்டினாள். நூறு பொய் ரிப்போர்ட்கள். ஒன்றுகூடத் தங்கவில்லை.

லேப்டாப்பை மூடும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா கையில் டார்ச் லைட்டோடு நின்றார்.

"எங்கீங்ப்பா இந்நேரத்துல?"

"பாவு வந்துருச்சான்னு ஒருக்கா பாத்துட்டு வந்தர்றேன்."

"ஹாரன் சத்தம் கேக்கலியேங்ப்பா."

"கேக்கலீன்னுதான் கண்ணு போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் இருட்டில் இறங்கி நடந்தார்.